உறை பிரியாத ஏழு

பாட்டென்றால் உயிரை விடுவார் கண்ணாடிக்காரர். ஆனால் பாட்டுக் கேட்க மாட்டார். கேட்பதில்லை என்று சபதமே எடுத்திருந்தார்.

இதென்னய்யா கூத்து என்கிறீர்களா? கூத்தேதான். மனுஷனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணாடி தேய்த்து, பிரேமில் பொருத்தி, ஊரார் பார்வையையெல்லாம் தெளிய வைப்பார். வீட்டுக்கு வந்தால் அவர் பார்வை படுக்கையறை அலமாரியை விட்டு நகராது. அதில் ஏழு இசைத்தட்டுகள். எந்தக் காலத்திலோ வெளிவந்து, விலைபோகாமல், மறுபடி அச்சாகாமல், போட்ட கம்பெனியே இழுத்து மூடிப்போய், பாடியவர்களே மறந்துவிட்ட தட்டுகள். அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. அன்றைக்குக் கடையில் சுற்றிக் கொடுத்த மெல்லிய பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. சேகரிப்பவர்களிடம் உறை பிரியாத தட்டுக்குத்தான் மரியாதை. பிரித்துவிட்டால் அது வெறும் பழைய சாமான். ஆகவே உள்ளே என்ன பாட்டு இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. "அபாரமான சங்கீதம்!" என்று மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

"கேக்காமயே அபாரம்னு எப்படிங்க தெரியும்?" என்பாள் மனைவி.

"அபாரமா இல்லாட்டி நான் ஏன் இவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன்?"



அந்த ஏழில் ஒன்றின் பெயர் 'ஈரக்குடை'. ரேடியோவில் மத்தியானத்தில் பாடிக்கொண்டிருந்த ஒரு அம்மாளின் ஒரே தட்டு. மனைவி சின்னப் பெண்ணாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்து வீட்டுக்கு ஓடி வருகிற வழியில், யார் வீட்டு ஜன்னலிலிருந்தாவது அந்தக் குரல் கேட்டால் அப்படியே நின்றுவிடுவாளாம். பசியையும் மறந்து, வீட்டில் அடியும் வாங்குவாளாம். அப்புறம் அந்தக் குரலை அவள் எங்கேயும் கேட்டதில்லை. தேடாத இடமில்லை. கடைசியில் பார்த்தால் அது அவள் படுக்கையறையிலேயே இருந்தது. கைக்கு எட்டியது காதுக்கு எட்டவில்லை.

"ஒரே ஒரு தடவைங்க."

"ஒரு தடவை பிரிச்சாலும் பிரிச்சதுதான்."

"கேட்டுட்டு நானே பழையபடி ஒட்டிக் குடுத்துடறேன். பிரிச்ச தடமே தெரியாது."

சொன்னால் செய்யக்கூடியவள். பரிசுச் சாமான் விற்கிற கடையில் அவளுக்கு வேலையே அதுதான். பொம்மையோ பூந்தொட்டியோ, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் சூடான காற்றைக் காட்டினால் போதும், தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடிக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. "அடிப்பாவி! போலி உறையா? இந்த அலமாரிப் பக்கம் உன் சுண்டுவிரல்கூடப் படக்கூடாது!"

"சரிங்க, தொடலை."

அவ்வளவுதான் சொன்னாள். பெண்டாட்டி 'சரிங்க' என்றால் விஷயம் முடிந்தது என்று நினைப்பவன் கல்யாணம் ஆகாதவன். இவர் கல்யாணம் ஆகியும் அப்படித்தான் நினைத்தார்.

அந்த வாரமே இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத் தலைவரிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து ஏழையும் பார்வையிடப் போகிறாராம். எல்லாம் அசல் என்றால் இந்த வருஷத்துக்கான கேடயம் இவருக்குத்தான். தலைவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. உறையை மோந்து பார்த்தே பழசா புதுசா என்று சொல்லிவிடுவார். போன வருஷம் ஒருத்தர் திரும்ப ஒட்டிய உறையைக் காட்டி மாட்டிக்கொண்டு, சங்கத்தை விட்டே விலக்கப்பட்டு, இப்போது தீப்பெட்டி அட்டை சேர்க்கிறார்.

கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கேடயத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று யோசித்தபடியே சாப்பிட உட்கார்ந்தார்.

"ஏங்க, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்" என்றாள் மனைவி, பரிமாறிக்கொண்டே. "அந்த ஏழுல ஒண்ணுக்குள்ள கோழி வளர்ப்புத் தட்டு இருந்தா, உங்க தலைவர் கண்டுபிடிச்சிடுவாரா?"

அவருக்குப் புரையேறியது. "என்னது? கோழியா?"

"அந்தக் காலத்துல பண்ணைக்காரங்களுக்குப் பாடம் சொல்லித்தர தட்டு போட்டாங்களாமே. குஞ்சுக்கு என்ன தீனி, முட்டையை எப்படி அடை வைக்கிறதுன்னு. நடுநடுவுல கோழியே கத்துமாம். லேபிளை மாத்தி ஒட்டிட்டா வெளியில தெரியவே தெரியாது, இல்ல?"

"நீ... நீ அலமாரியைத் தொட்டியா?"

"தொடக்கூடாதுன்னு சொல்லிட்டீங்களே. தொடுவேனா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். 

அதற்கப்புறம் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து ஏழு உறைகளையும் ஓரம் ஓரமாகப் பார்த்தார். முதலில் ஏழும் அசலாகத் தெரிந்தன. மறுபடி பார்த்தபோது ஏழும் போலியாகத் தெரிந்தன. எதிர்வீட்டு லிப்ட் மெக்கானிக்கிடம் போய் யோசனை கேட்டார்.

"எடை போட்டுப் பாருங்க சார்."

"எல்லாத் தட்டும் ஒரே எடைய்யா."

"ஆட்டிப் பாருங்க."

"ஆட்டினா கொக்கரக்கோன்னு கூவுமா?"

"அப்ப வீட்டுக்காரம்மாவையே நேரா கேட்டுடுங்களேன்."

"கேட்டேன். சிரிக்கிறா."

மெக்கானிக் முகம் மாறியது. "சிரிச்சாங்களா? அப்ப கட்டாயம் என்னமோ இருக்கு சார். எங்க வீட்ல சிரிச்சா நான் உடனே பீரோவைத் திறந்து பார்ப்பேன்."

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியாயிற்று.

சனிக்கிழமை காலையில் கண்ணாடிக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்று போனாலும் பரவாயில்லை, மானம் போகக்கூடாது. ஒரு உறையின் மூலையில் சின்னக் கொப்புளம் இருந்தது. இதுதான் குற்றவாளி! பிளேடை வைத்துக் கீறினார். லேபிளை நம்ப முடியாதே, போட்டுக் கேட்டால்தானே தெரியும்? பல வருஷமாகப் போர்வை போர்த்திக் கிடந்த பிளேயரைத் துடைத்து, முள்ளை வைத்து, கோழிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

புல்லாங்குழல் வந்தது.

"ஐயையோ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நல்ல சங்கீதத்தைக் கேட்டு இப்படி ஒப்பாரி வைத்த ரசிகரை உலகம் பார்த்திருக்காது.

சரி, இது இல்லை. அப்படியானால் அடுத்ததுதான். அதையும் கீறினார். ஒரு கனத்த ஆண்குரல், கோழிக்குச் சம்பந்தமே இல்லாமல், நிலாவைப் பற்றிப் பாடியது. போயிற்று! மூன்றாவதைக் கீறினார். சீட்டாட்டத்தில் தோற்றவன் விட்டதைப் பிடிக்கிற கதைதான்.

"ரொம்ப நல்லாருக்குங்க! யாரு வாசிக்கிறது?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"நீ பேசாத!"

நடுவில் தலைவருக்குப் போன் செய்து, வீட்டில் காய்ச்சல் என்று சொல்லப்போய், நாக்குக் குழறி, "வீட்ல கோழிக் காய்ச்சல், நாளைக்கு வரவேணாம்" என்று வைத்தார். தலைவர் இந்த வருஷம் முழுக்கவே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஐந்தாவது தட்டு ஓடியபோது ஒரு விபரீதம் நடந்தது. அவர் கால் தானாகத் தாளம் போட்டது. ஜன்னல் வழியே மெக்கானிக், "சார், அந்த நிலாப் பாட்டை இன்னொரு தடவை போடுங்களேன்" என்று கெஞ்சினார். கண்ணாடிக்காரரும் போட்டார். 'அபாரம்' என்று அவர் வாய் முணுமுணுத்தது. இந்தத் தடவை கேட்டுவிட்டுச் சொன்னார். இத்தனை நாள் இதையா பூட்டி வைத்திருந்தோம் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு வலித்தது. அடுத்த நிமிஷமே கிழிந்த உறைகளைப் பார்த்து அதைவிட அதிகமாக வலித்தது.

ஆறும் தீர்ந்தன. ஆறும் அசல். மிச்சமிருந்தது 'ஈரக்குடை' மட்டும். இருப்பதிலேயே கிடைக்காதது என்பதால் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்.

சட்டென்று மூளையில் பல்பு எரிந்தது. ஆறில் இல்லையென்றால் ஏழாவதில்தானே இருக்க வேண்டும்! அவளுக்கு ஆசையே இந்தத் தட்டு மேல்தானே! இதை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டு, உள்ளே கோழியை வைத்திருக்கிறாள் கள்ளி! இதை முதலிலேயே யோசிக்காத தன்னை ஒரு தரம் திட்டிக்கொண்டு, கண்டுபிடித்துவிட்ட தன்னை இரண்டு தரம் மெச்சிக்கொண்டு, தட்டோடு சமையலறைக்குள் பாய்ந்தார்.

"பிடிச்சிட்டேன்! யாருகிட்ட? இந்தா, உன் கோழி! நீயே பிரி!"

"நானேவா?"

"நீயேதான்."

"அப்புறம் வருத்தப்படக்கூடாது."

"கோழிக்கு எவன் வருத்தப்படுவான்? பிரிச்சுப் போட்டுட்டு, என் அசல் தட்டை மரியாதையா எடுத்துட்டு வா!"

மனைவி கையைக் கழுவினாள். துண்டில் துடைத்தாள். கத்தரிக்கோலால் ஒரே ஓரமாக, நூல் பிடித்த மாதிரி வெட்டினாள். குழந்தையைத் தூக்குகிற மாதிரி தட்டை இரண்டு கையிலும் ஏந்திப் போய், பிளேயரில் வைத்து, முள்ளை இறக்கினாள். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

கண்ணாடிக்காரர் இடுப்பில் கைவைத்து, வெற்றிச் சிரிப்போடு, முதல் கொக்கரிப்புக்குக் காத்து நின்றார்.

ஒரு பெண்குரல் எழுந்தது. அவசரமே இல்லாத குரல். மனைவியின் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. பாட்டு முடிந்தது. இன்னொன்று வந்தது. அதுவும் முடிந்தது. ஒரு பக்கம் முழுக்க ஓடி முள் கரகரத்தபோது கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். தணிந்த குரலில் கேட்டார்.

"அப்ப... கோழி எங்க?"

"உங்க மண்டைக்குள்ள மட்டுந்தாங்க வச்சேன்" என்றாள் மனைவி. "தட்டைத் திருப்பிப் போடுங்க, அடுத்த பக்கம் கேக்கணும்."