அக்கா தலைக்குப் பின்னால் ஒரு நிலா

ஓவியம் பழகுகிறவன் எவனும் முதல் வருடத்திலேயே நிலாவை வரைய ஆசைப்படுவான். அவனுக்குக் கல்யாண வயதில் ஓர் அக்கா இருந்தால், வீட்டார் தூரிகையை ஒளித்து வைப்பது நல்லது. எங்கள் வீட்டில் யாரும் ஒளித்து வைக்கவில்லை.

எண்பத்தெட்டாம் வருடம். மேற்குத் தாம்பரத்தில் டேனியல் அண்ணனின் போட்டோ ஸ்டூடியோவுக்குப் பின்திரை வரையும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. நூலகத்தில் ஓர் ஓவியப் புத்தகத்தைப் பாதி படித்துவிட்டு (மீதிப் பக்கங்களை யாரோ கிழித்துப் போயிருந்தார்கள்) மேதை மாதிரி பேசித் திரிந்த காலம். இரவை வரையக் கறுப்பு கூடாது, நீலமும் பழுப்பும் போதும். நிலாவைப் படத்துக்கு வெளியே விட்டுவிட்டு, தண்ணீரிலும் சுவரோரத்திலும் விழும் வெளிச்சத்தை மட்டும் காட்டுகிறவனே கைதேர்ந்தவன் என்று அதில் எழுதியிருந்தது.

"நிலா இல்லாம நிலா வெளிச்சமா? நிலா எங்கன்னு கஸ்டமர் கேட்டா, வெளியே போய்ப் பாருங்கன்னு சொல்லவா?" என்றார் டேனியல் அண்ணன்.

சரியென்று வரைந்தேன். பீர்க்கன்கரணை ஏரி, நாலு பனைமரம், அப்போதுதான் எழும்பும் முழுநிலா, பெரிய தாம்பாளம் அளவுக்கு. முன்னால் நின்று பார்த்தேன். நிலா என் நெஞ்சு உயரத்தில் ஜோராக இருந்தது. ஸ்டூடியோவில் ஸ்டூல் என்று ஒன்று உண்டு, வருகிறவர்கள் அதில் உட்காருவார்கள் என்பது என் மேதைமைக்கு எட்டவில்லை.

முதலில் உட்கார்ந்தவள் என் அக்கா ஸ்டெல்லா. பல்லாவரத்து வரன் ஒன்று போட்டோ கேட்டிருந்தது. முன்பு வந்த இரண்டும் தட்டிப்போனதில் அம்மா தினமும் ஜெபமாலையும் கையுமாக இருந்தாள். டேனியல் அண்ணன் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "தாடையை இறக்கும்மா, கண்ணை மட்டும் மேல பாரு" என்றார்.

கறுப்பு வெள்ளைப் படம். வாங்கிப் பார்த்தேன். நிலா பிரமாதமாக விழுந்திருந்தது (அக்காவும் இருந்தாள் என்று ஞாபகம்). கவரில் போட்டு ஒட்டி, நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாரம் பேச்சு மூச்சில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் மாப்பிள்ளையோடு அவருடைய அம்மா வந்து இறங்கினார். காபியைத் தொடவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. பொண்ணு கன்னியாஸ்திரி மடத்துக்குப் போக ஆசைப்படுதுன்னு போட்டோ பார்த்ததுமே புரிஞ்சுது. தேவ அழைத்தலைத் தடுத்த பாவம் எங்களுக்கு வேணாம்."

படத்தை மேஜைமேல் வைத்தார். குனிந்த தாடை, மேலே நோக்கிய கண்கள், தலையைச் சுற்றி ஒளிவட்டம். எங்கள் சுவரில் இருந்த மாதா படத்துக்கும் அதற்கும் சட்டம்தான் வித்தியாசம். அம்மா தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். என்னால் அக்கா வாழ்க்கை கெட்டதே என்று எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

கதவோரம் நின்ற அக்கா உள்ளே வந்தாள். "மடமும் இல்ல, மண்ணும் இல்ல. இந்தத் தடியன் வரைஞ்ச நிலா அது. எனக்குக் கல்யாணம்தான் வேணும். பிடிச்சா சொல்லுங்க, இல்லன்னா போட்டோவை வச்சுட்டுப் போங்க."

மாப்பிள்ளை படத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "போட்டோ என்கிட்டயே இருக்கட்டும்மா" என்றார் தன் அம்மாவிடம்.

மறுநாளே போய் நிலாவின்மேல் ஒரு மேகத்தை ஏற்றினேன். இப்போதுதான் இருட்டு இருட்டாக இருக்கிறது என்றார் டேனியல் அண்ணன்.

அந்த மாப்பிள்ளைதான் என் அத்தான்; இப்போது தாத்தாவாகிவிட்டார். அக்கா சத்தம் போட ஆரம்பித்தால் இன்றைக்கும் அந்தப் படத்தை எடுத்து வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, முழங்காலில் நின்று, "புனித ஸ்டெல்லாவே" என்பார். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பேத்தி வரை எல்லோரும் பதில் சொல்வார்கள். அக்கா அவர்களை விட்டுவிட்டு என்னை முறைப்பாள். நிலாவைப் படத்துக்கு வெளியே விட்ட அந்த ஓவியர்கள் ஒவ்வொருவருக்கும் நிச்சயம் ஓர் அக்கா இருந்திருப்பாள்.