இடது ஸ்பீக்கரில் நான் கூப்பிட்ட பெயர்கள்

டெட்ராய்ட்,
மே 19, 1997

பழைய பாடல்களை மறுபதிப்பு செய்யும் கம்பெனியின் தொகுப்பாசிரியர் திரு. வாலஸ் ஹால்ஸ்டெட் அவர்களுக்கு,

லெமுவல் ஸ்ட்ராடர் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்தபின் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

லார்க்டேல்ஸ் குழுவின் பாடல்களைத் தாங்கள் சிடியாக வெளியிட்டிருக்கிறீர்கள். "முதன்முறையாக ஸ்டீரியோவில்! ஒவ்வொரு குரலையும் அதனதன் இடத்தில் கேளுங்கள்" என்று அட்டையில் போட்டிருக்கிறது. உண்மைதான். என் புகாரும் அதுதான்.

1966இல் அவர்களுடைய நடனப் பாட்டு ஒன்று பதிவானபோது, கைதட்ட ஆள் போதவில்லை என்று எங்கள் சபைப் பாடகர் குழுவிலிருந்து எட்டுப் பேரைப் போதகருக்குத் தெரியாமல் அழைத்துப்போனார்கள். ஆண்கள் நால்வர் ஒரு மைக்கைச் சுற்றி, பெண்கள் நால்வர் எதிர்ப்பக்கம் இன்னொரு மைக்கைச் சுற்றி. "பாட்டு முடியுற நேரத்துல, யாரோட ஆடணும்னு ஆசையோ அவங்க பேரச் சத்தமா கூப்பிடுங்க" என்றார் ஒலிப்பதிவாளர். எதிர் மைக்கில் நின்றவளைப் பார்த்து முதலில் கத்தியவன் நான். "ஆர்னெட்டா!" அந்த மனிதர் எல்லாரையும் ஒன்றாகக் குழைத்து, கார் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்து, மோனோவில் இசைத்தட்டு வெளியிட்டார். இரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. என் கூப்பாடு கேட்ட கையோடு பாட்டு தேய்ந்து மறைந்துவிடும். ஊரில் ஓடிய கார்களிலெல்லாம் அந்தக் கோடை முழுக்க நான் ஆர்னெட்டாவைக் கூப்பிட்டேன். மறு வருடம் எங்களுக்குக் கல்யாணம்.

இந்த ஜூன் பதினைந்தாம் தேதி முப்பது வருடம் நிறைகிறது. சபையார் முன்னிலையில் திருமண உறுதிமொழியைப் புதுப்பித்து, அந்தப் பாட்டைப் போட்டு ஆடுவதாக ஏற்பாடு. பழைய தட்டு கீறிப்போனதால் தங்கள் சிடியை வாங்கினேன். வாங்கியதும் நான், பரிசுத் தாள் சுற்றியதும் நான் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். போன ஞாயிறு ஆராதனை முடிந்து விருந்து. ஆர்னெட்டாவின் அக்கா ஒடெஸா வந்திருந்தாள், போதகருக்கு உதவியாக இருக்கும் எங்கள் டீக்கன் வந்திருந்தார். சபைக்கு அவர் டீக்கன், எனக்கு ஹோரஸ். பாட்டுப் பதிவான அன்றைக்கு என் தோளை உரசிக்கொண்டு நின்று கைதட்டியவர். பீச் பழப் பணியாரம் பரிமாறியதும் சிடியைப் போட்டேன். எங்கள் வீட்டில் இடது ஸ்பீக்கர் மட்டும்தான் பாடும். வலது ஸ்பீக்கரின் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஆர்னெட்டா அதன்மேல் தொட்டிச் செடி வைத்து ஒன்பது வருடமாகிறது. "ஆர்னெட்டா!" என்று என் குரல் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பாட்டு நிற்கவில்லை. தங்கள் புண்ணியத்தில் இன்னும் பதினேழு விநாடி ஓடியது. அந்தப் பதினேழு விநாடியில் நான் பெர்னடினைக் கூப்பிட்டேன், டாட்டியைக் கூப்பிட்டேன், லூவெல்லாவை இரண்டு முறை கூப்பிட்டேன்.

ஒடெஸா விரல் விட்டு எண்ணினாள். "நாலு பேரு. கை முடிஞ்சிடுச்சு, கட்டைவிரல்தான் பாக்கி."

"லெமுவல் ஜேம்ஸ் ஸ்ட்ராடர்" என்றாள் ஆர்னெட்டா. இவள் என் முழுப்பெயரைச் சொல்வது வரிப் படிவம் நிரப்பும்போது மட்டும்தான். "லூவெல்லாவ எதுக்கு ரெண்டு தடவ?"

"தாளத்துக்கும்மா."

அந்தப் பதிலை நான் சொல்லியிருக்கக் கூடாதுதான், சார், ஆனா அது நிஜம், அங்க ஒரு அடி காலியா இருந்துச்சு, யாராவது நிரப்பணுமில்ல. டீக்கனாவது ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு பார்த்தேன். அவரு பணியாரத்த மென்னுக்கிட்டே, "நான் என் வீட்டுக்காரி பெர்னிஸ் பேரு ஒண்ணுதான் கூப்பிட்டேன், பிரதர்" என்றார். அதுவும் கேட்டுச்சு. தெளிவா கேட்டுச்சு. அதனதன் இடத்துல.

அன்றிலிருந்து கீழ்த்தள அறையில் கொதிகலன் பக்கத்தில் படுக்கிறேன். ஆர்னெட்டாவின் புது கவுன் தையல்காரியிடம் பாதியில் நிற்கிறது. உறுதிமொழி உண்டா இல்லையா என்று கேட்டால், "லூவெல்லாவக் கேளு" என்கிறாள். அழைப்பிதழ் நூற்றிருபது பேருக்குப் போய்விட்டது. முப்பத்தோரு வருடம் முன்பு சரியான நேரத்தில் குமிழைத் திருகி ஒலியை இறக்கிய அந்த ஒலிப்பதிவாளரின் இரண்டு விரலில்தான் என் குடும்பம் இதுவரை நடந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது. ஆகவே அந்த ஸ்டீரியோ பதிப்பைத் தாங்கள் உடனே திரும்பப் பெற வேண்டும். முடியாதென்றால், நாள்பட்ட ஒலிநாடாவில் இப்படிப் பெண் பெயர்கள் தாமாக உண்டாவது வழக்கம்தான் என்று கம்பெனித் தாளில் என் மனைவிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.

சமாதானம் பேச நாளை டீக்கன் வருகிறார். அவர் முயற்சியும் தங்கள் வியாபாரமும் ஆசீர்வதிக்கப்படுவதாக.

இப்படிக்கு,
லெமுவல் ஸ்ட்ராடர்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் டீக்கன் வந்துவிட்டார். "ஒரு பக்கம் மட்டும் கேட்டுட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது, சிஸ்டர்" என்று தம் கையாலேயே செடியை இறக்கி வைத்து, வலது ஸ்பீக்கருக்குக் கம்பி முறுக்கி, சிடியைப் போட்டார். வலது பக்கம் பெண்கள். கடைசிப் பதினேழு விநாடியில் என் மனைவியின் குரல், இருபத்திரண்டு வயதுக் குரல், "ஹோரஸ்!" என்று கூப்பிட்டது. மூன்று முறை. அங்கே தாளத்தில் காலியாக எந்த அடியும் இல்லை. டீக்கன் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, பெர்னிஸ் காத்திருப்பாள் என்று கிளம்பிவிட்டார். பாட்டு முற்றிலும் மறையும் இடத்தில், காதை ஒட்டிவைத்தால், "லெம்" என்றும் கேட்கிறது. நான் காதை ஒட்டிவைத்தேன்.

இன்று மேலே படுக்கச் சொல்லிவிட்டாள். தையல்காரிக்கும் போன் போயிற்று. பழைய மோனோ தட்டு எங்கேயாவது கிடைக்குமா என்று தங்களிடம் விசாரிக்கச் சொல்கிறாள். ஸ்டீரியோவைத் திரும்பப் பெற வேண்டாம். செடியை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னாள், வைத்துவிட்டேன். கம்பியை மட்டும் இன்னும் கழற்றவில்லை.