நிலைப்படி இல்லாத வீடு

கசிபேக்கின் சக்கர நாற்காலி வாசல்வரை வந்து நின்றதோடு சரி. அதற்குமேல் ஓர் அங்குலம் நகரவில்லை.

"உள்ள வாங்கப்பா," என்றாள் ஜிபாரா.

"வர்றேன். நிலைப்படி எங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல் மகளின் முகம் மலர்ந்தது. கிர்கிஸ்தானின் கரக்கோல் நகரத்து முதியவர்களுக்காக அவளே வரைந்து, அவளே கூட நின்று கட்டிய குடியிருப்பு அது. வைக்கோலும் களிமண்ணும் பிசைந்து எழுப்பிய தடித்த சுவர்கள். வெளியே எவ்வளவு பனி கொட்டினாலும் உள்ளே கதகதப்பு குறையாது. கூரைமேல் வெயிலிலேயே வெந்நீர் தயாராகிவிடும். எல்லார் அறைக்கும் பொதுவாக ஒரே கூடம், ஒரே சமையலறை. காலை இடறும் கட்டை மட்டும் எந்த வாசலிலும் கிடையாது.

"நிலைப்படியே வேணாம்னு விட்டுட்டேன்பா. சக்கரம் வழுக்கிட்டுப் போகும்."

"நல்லா விட்ட போ! தெரு எங்க முடியுது, வீடு எங்க ஆரம்பிக்குதுன்னு எப்படித் தெரியும்? நான் எங்க நின்னு சலாம் சொல்றது? நிலைப்படிக்கு இந்தப்பக்கம் நின்னு சொன்னா மரியாதையா?"

சாயங்காலம்வரை இருந்து பார்ப்பேன், பிடிக்காவிட்டால் பழைய வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அப்பா வந்திருந்தார். பழைய வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. லிப்ட் இல்லாத அந்தக் காலத்துக் கட்டடம். இடுப்பெலும்பு முறிந்தபின் ஒரு குளிர்காலம் முழுக்க அவர் ஜன்னல் வழியாகத்தான் ஊரைப் பார்த்தார். அவரைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கியதும் ஒவ்வொரு முறையும் மகள் அந்த ஜன்னலை அண்ணாந்து பார்ப்பாள். இந்த வீட்டின் வரைபடத்தில் அவரை நினைக்காமல் அவள் ஒரு கோடுகூடப் போட்டதில்லை.

இன்னும் ஒரு கோடுதானே, போட்டுவிடலாம் என்று சிவப்பு ஒட்டுநாடாவைக் கொண்டுவந்து வாசலின் குறுக்கே ஒட்டினாள்.

"இந்தாங்க, நிலைப்படி. திருப்தியா?"

அப்பா குனிந்து பார்த்தார். "ரொம்பத் திருப்தி. இப்ப எப்படி உள்ள வர்றது?"

"உருட்டிட்டு வாங்க!"

"நிலைப்படி மேலயா? நிலைப்படியை யாராவது மிதிப்பாங்களா?"

"நீங்க எங்கப்பா மிதிக்கிறீங்க? சக்கரம்தானே!"

"சக்கரம்தாம்மா இப்ப என் காலு."



இதற்குள் வினை வேறு பக்கமும் முளைத்தது. குதிரை பழக்கி ஓய்வுபெற்ற சபிர், போன வாரமே குடிவந்தவர், தினமும் இந்த வாசலில் சாதாரணமாக நடந்து போனவர், இப்போது நாடாவைக் கண்டதும் முழங்காலை நெஞ்சுவரை தூக்கித் தாண்டப் போய்த் தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். பின்னால் வந்த ஷாயிர் டீச்சர் தன் நடைவண்டியையே கைகளில் தூக்கிக்கொண்டு தாண்டினார்.

"நேத்துவரைக்கும் சும்மாதானே நடந்தீங்க?" என்று அலறினாள் ஜிபாரா.

"நேத்து இங்க நிலைப்படி இல்லியே, கண்ணு," என்றார் டீச்சர்.

நாடாவைப் பிய்க்கக் குனிந்தாள். உடனே மூன்று பக்கமிருந்தும் கூச்சல். குடியிருக்கும் வீட்டின் நிலைப்படியைப் பிடுங்கினால் குடும்பம் விளங்குமா என்றார்கள்.

கடைசியில் வழி சொன்னவர் பழைய பஸ் டிரைவர் மெதெர். "நாலு பேரு நாற்காலியோட தூக்கி உள்ள வெச்சா முடிஞ்சுது. வலது முன்பக்கம் எனக்கு."

"உனக்கெதுக்கு வலது? வயசுல நான் மூத்தவன்," என்றார் சபிர்.

"அடேய், நீ தூக்கினது எல்லாம் குதிரை லாயத்துச் சாணி!"

"நீ மட்டும் என்ன, பஸ்ஸைத் தூக்கினியா?"

ஒருவழியாகச் சண்டை போட்டுக்கொண்டே தூக்கினார்கள். டீச்சர் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, தானும் தூக்குவதாகவே நம்பினார். நாலாவது ஆள் ஜிபாரா. அப்பா உள்ளே இறங்கி, எல்லாருக்கும் முறைப்படி சலாம் சொன்னார்.

தேநீர் வந்தது. அப்பாடா என்று அவள் உட்காரப்போகையில் வெளியிலிருந்து குரல் கேட்டது. "யாராவது வாங்கப்பா! உள்ள வரணும்!"

அப்பா மறுபடியும் கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். மடியில் மாவு சிந்தியிருந்தது. கையில் சுடச்சுட எண்ணெயில் பொரித்த போர்சோக் பலகாரம்.

"யாரு இவரை வெளிய தூக்கிட்டுப் போனது?"

"சபிராத்தான் இருக்கும்," என்றார் மெதெர்.

"இந்த டிரைவருதான்," என்றார் சபிர்.

இது மதியம் தாண்டியும் நடந்தது. உள்ளே வைப்பார்கள், சற்று நேரத்தில் வெளியே குரல் கேட்கும். ஜிபாரா கோட்டின்மேல் படாமல் பலகையை வளைத்து ஒரு குட்டிப் பாலம் போட்டாள். நிலைப்படிக்கு மேலேயே ஏறிப் போவது மிதிப்பதைவிட அவமானம் என்று அப்பா மறுத்துவிட்டார். அந்தப் பாலத்தில் இடறி மெதெருக்குக் கால் சுளுக்கியது. ஆள் குறைந்ததே என்று அவர் இடத்துக்குப் பக்கத்து அறைக்காரர் ஒருவர் ஓடிவந்து, எனக்கு வலது முன்பக்கம் என்றார்.

ஜிபாராவின் தைரியமெல்லாம் வடிந்துவிட்டது. யார் தயவும் இல்லாமல் அப்பா நடமாட வேண்டும் என்று கட்டிய வீட்டில், நாலு பேர் தோள் கொடுக்காமல் அவரால் வாசல் தாண்ட முடியவில்லை. சாயங்காலமும் வந்துவிட்டது. இனி அந்த மூன்றாம் மாடிதான், அந்த ஜன்னல்தான். வண்டிக்குச் சொல்லிவிட்டு, அழுகையை யாரும் பார்க்காமலிருக்கச் சமையலறைக்குள் ஓடினாள்.

வாணலியில் மாவுத்துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த சமையல்கார சுராகன் திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா, கண்ணெல்லாம் செவந்திருக்கு?"

"அப்பாவைத் திருப்பிக் கொண்டுபோறேன்க்கா. அந்த வாசலைத் தாண்ட அவரால முடியல."

"எந்த வாசலை?" சுராகன் கரண்டியால் பின்கட்டுக் கதவைக் காட்டினாள். அங்கேயும் கட்டை இல்லை, கோடும் இல்லை. மாவு படிந்த தரையில் இரண்டு சக்கரத் தடங்கள் போவதும் வருவதுமாகத் தெரிந்தன.

"காலையிலேருந்து இந்த வழியா வெளிய போயி, சுத்திக்கிட்டு முன்வாசல்ல நின்னு கூப்பிடுறது அவர்தாம்மா. போற போக்குல சூடா ரெண்டு போர்சோக்கையும் எடுத்துக்கிட்டு, 'எம்பொண்ணுகிட்ட சொல்லிடாத சுராகன், என்னைத் தூக்குறதுக்கு இத்தனை பேரு அடிச்சுக்கிற வீட்டை விட்டு நான் போறதா இல்ல'ன்னாரு."