மஹ்றூப் கடை லவுட்ஸ்பீக்கர்

மஹ்றூபின் தேத்தண்ணிக் கடைக் கூரையில் லவுட்ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாண பஸ்ஸால் இறங்கிய சனமெல்லாம் றோட்டைக் கடந்து, எதிரே நாகேஸ்வரியின் தேத்தண்ணிக் கடை வாங்கிலில் போய்க் குந்தியது.

மஹ்றூப் ஒரு சுருட்டுக்காரரை மறித்தார்.

"ஏனண்ணை அங்கை போறியள்? றேடியோ இஞ்சையல்லோ பாடுது."

"பாடுறது இஞ்சைதான் நானா. கேக்கிறதுக்கு அங்கைதான் சுகம். இஞ்சை இருந்தா காதுக்குள்ளை கிணறு வெட்டுற மாதிரிக் கிடக்கு."

புளியங்குளம் சந்திக்கு வந்த முதல் லவுட்ஸ்பீக்கர் அது. அதற்காகவும் றேடியோவுக்காகவும் லொறிப் பற்றரிக்காகவும் மனைவி கைருன்னிஸாவின் காப்புகள் போயிருந்தன. சனம் வராவிட்டால் அடுத்தது கடைதான்.

"லவுட்ஸ்பீக்கரின்ர வாயை உள்ளுக்குத் திருப்பிவிடுங்கோ. எங்கட கடைக்குப் பாடட்டும்," என்றாள் கைருன்னிஸா.

திருப்பினார். முதற்பாட்டிலேயே சீனி தகரத்தை விட்டுத் துள்ளித் தானாகக் கோப்பைக்குள் விழுந்தது. ஆற்றாமலே தேத்தண்ணி நுரைத்தது. இதெல்லாம் மஹ்றூபுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு பென்சன்காரரின் கட்டுப்பல் கழன்று மேசையில் விழுந்து, தாளம் தவறாமல் தனியே வடை தின்னத் தொடங்கியதும், இருந்த நாலு பேரும் எதிர்க்கடைக்கு ஓடினார்கள்.

"அப்ப அவாவின்ர சனத்தைக் கலைக்கிறன் பார்."

வாயை மறுபடி றோட்டுக்குத் திருப்பினார். பாட்டு நேரத்தில் பாட்டை விட்டுவிட்டு விவசாயப் பேச்சை வைத்தார். நெல்லில் வரும் எரிபந்த நோயைப் பற்றி ஒருவர் மூச்சுவிடாமல் பேசினார். மறுநாள் கனகராயன்குளத்துக் கமக்காரர் வண்டில் கட்டிக்கொண்டு கேட்க வந்தார்கள். நாகேஸ்வரி புதிதாக இரண்டு வாங்கில் செய்வித்தார்.

பிறகு ஊர் அதிகாரியான விதானையார் வந்தார்.

"மஹ்றூப், சத்தத்தைக் குறை. பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் வாய்ப்பாட்டையும் உந்த மெட்டிலைதான் சொல்லுதுகள்."

"என்ர கடை, என்ர பற்றரி. சந்தி முழுக்கச் செவிடானாலும் குறைக்க மாட்டன் ஐயா."

எதிர்க்கடையிலிருந்து நாகேஸ்வரி தன்மையாகச் சொன்னார்: "நானா, உங்களுக்குக் கரைச்சலெண்டா நிப்பாட்டுங்கோவன். நாங்கள் ஒண்டும் நினைக்க மாட்டம்."

மஹ்றூபின் மீசை விறைத்தது.

"நிப்பாட்டுறதோ? இன்னொண்டு பூட்டுறன் அக்கா. இதைவிடப் பெரிசு."

"ஒண்டுக்கே இந்தப் பாடு," என்றாள் கைருன்னிஸா.

"ஒண்டு எண்டபடியாத்தான் இந்தப் பாடு. ஆர் சொன்னாலும் நான் பின்வாங்க மாட்டன்."

அடுத்த கிழமை வவுனியாவிலிருந்து, முதல் லவுட்ஸ்பீக்கரையும் விற்ற றேடியோக்கடைக்காரர் மயில்வாகனம் வந்தார். அவர் கொண்டுவந்த லவுட்ஸ்பீக்கருக்குள் ஒரு பசுக்கன்று தாராளமாகப் படுத்தெழும்பலாம். முகட்டில் ஏறிப் பூட்டி, தட்டிப் பார்த்தார். மாங்குளம் பக்கமிருந்து ஒரு நாய் பதில் குரைத்தது. பாட்டுத் தொடங்கியது. நாகேஸ்வரியின் வாங்கிலில் சனம் நெருக்கியடித்து உட்கார்ந்தது.

"இருக்கட்டும்," என்றார் மஹ்றூப், நெஞ்சை நிமிர்த்தி. "இதுக்குப் போட்டியா அவா என்னத்தைப் பூட்டுறா எண்டு பாப்பம்."

மயில்வாகனம் ஏணியால் இறங்கி, கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

"அவா பூட்ட மாட்டா நானா. முதல் லவுட்ஸ்பீக்கரை நான் அவாவுக்குத்தான் விக்க வந்தனான். தன்ர கடையிலை பூட்டினா உங்கட வாங்கிலிலைதான் நல்லாக் கேக்குமெண்டு சொல்லி, என்னை உங்களிட்டை அனுப்பினதே அவாதானே."