அத்தை, அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம்

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த விமானம் பனிப்புயலில் இறங்க முடியாமல் திரும்பிப் போன அன்று, எங்கள் வீட்டுச் சமையலறையில் என் தொப்புள்கொடியை அறுத்து, நம் வழக்கப்படி என்னை ஒரு பெண்ணாக ஆக்கிவிட்ட ராகிலி அத்தைக்கு, நீங்கள் ஆக்கிய பெண் ஊலிபீகா பணிவோடு எழுதுவது. இங்கே அப்பாவும் அம்மாவும் நலம். நாய்கள் அதைவிட நலம். அங்கே இக்காலுயிட் ஊரில் உங்கள் கண் ஆபரேஷன் புண் ஆறி, தையல் வேலையைத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் எழுதுகிறாளே என்று கோபிக்க வேண்டாம். எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். நாளை விமானத்தில் வரும் சித்தியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், உங்களுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி வந்திருக்கும். அது உங்களுக்கு அனுப்பியது அல்ல. அதைத் திறக்க வேண்டாம். திறந்திருந்தால் மூடி, உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். விருந்துக்கென்று தரையில் அட்டை விரித்துப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டிருந்தால், தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அதில் இருப்பது நாற்பது ஊகாக் மீன்கள். தெற்கே நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் ஆர்க்டிக் காட் என்பார்கள். நான் பட்டம் வாங்கியபின் எனக்கென்று கொடுத்த முதல் வேலை இந்த மீன் ஆய்வுதான். இந்த மீன் குளிர்காலத்தில் கடல்பனிக்கு அடியில் முட்டையிடும், முட்டை மிதந்து மேலே வந்து பனியின் அடிப்பக்கத்தை ஒட்டிக் கிடக்கும். இப்போது கடல் சூடாகிப் பனி சீக்கிரம் உடைகிறது, தெற்கத்திச் சிறுமீன்கள் வேறு இங்கே குடிவந்துவிட்டன, பாறையில் கூடு கட்டும் பறவைகள்கூட இப்போது குஞ்சுக்கு அவற்றைத்தான் கொண்டுவருகின்றன. ஊகாக் கதை முடிந்தது என்கிறார் என் பேராசிரியர் டெல்ஃபீன். முடியவில்லை என்கிறேன் நான். தண்ணீர் ரொம்பச் சூடானால் முட்டை பிழைக்காது, அது சரி. ஆனால் பனி கொஞ்சம் முன்னாடி உடைந்தால் குஞ்சுக்கு முதல் கோடையில் தின்று வளர நாள் கூடுகிறது. எங்கள் பக்கத்துக் கடல் இன்னும் அந்தக் "கொஞ்சத்தில்"தான் இருக்கிறது. மீனின் தலைக்குள் இரண்டு குட்டிக் காதுக்கல் உண்டு, அதில் மர வளையம் போல அதன் வயசெல்லாம் பதிந்திருக்கும். அந்தக் கல்லையும் ஈரல் கொழுப்பையும் பார்த்தால் நான் சொல்வது சரி என்று தெரிந்துவிடும். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அதனால்தான் அப்பாவோடு போய், கடல்மட்டம் ஏறி இறங்கும்போது கரையோரப் பனியில் விழும் விரிசலில் தூண்டில் போட்டேன். இதுவரை நான் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை என்று உங்களுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். முதல் மீன் வந்ததும் அப்பா அதை விரலில் தூக்கிப் பார்த்து, "சீலுக்குக் குடுத்தா, மீதி எங்கேன்னு கேக்கும்"னார். சொன்னதோடு விட்டாரா, வீட்டுக்கு வந்ததும் ஊர் ரேடியோவுக்குப் போன் போட்டு, "என் பொண்ணு மீன் புடிச்சிட்டா"ன்னு அறிவிச்சுட்டார். அன்னைக்கு முழுக்க ஆள் மாத்தி ஆள் ரேடியோவுல வாழ்த்து. ஒரு பாட்டம் அழுகை வேற, அது அம்மா. நான் போர்வைக்குள்ள இருந்தேன்.

மறுநாள் பெட்டி மேலே ஆய்வக விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி, விமான நிலையத்தில் சரக்கு ஏத்துற ஜேப்பீட்டியிடம் கொடுத்தேன். அவர் விலாசத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி, நீ போ"ன்னார். நானும் போய்ட்டேன். ஆய்வகத்துக்குப் பெட்டி வரலைன்னு டெல்ஃபீன் சொன்னப்புறம் ஓடிப் போய்க் கேட்டா, நிதானமா டீ குடிச்சுக்கிட்டே சொல்றார்: "முதல் மீனை யாராவது முன்னே பின்னே தெரியாதவங்களுக்கு அனுப்புவாங்களா? அது கொடி அறுத்தவங்களுக்குல்ல போகணும்! பாவம், பொண்ணு ஏதோ நெனப்புல விலாசத்தைத் தப்பா எழுதிட்டான்னு நான்தான் திருத்தி அனுப்பினேன்."

"அது ஆய்வுக்குங்க."

"ராகிலி சாப்பிட்டுட்டு நல்லா இருக்குன்னு சொல்லட்டும், அப்புறம் ஆயுசு பூரா உன் தூண்டில் காலியா வராது. ஆய்வகத்துக்காரன் சாப்பிட்டா உனக்கு என்ன கிடைக்கும்?"

"அவங்க சாப்பிட மாட்டாங்க."

"சாப்பிடக்கூட மாட்டானா!" என்று அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அத்தை, வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் வழக்கம் பிடிப்புக்குத்தான், ஆய்வுப் பொருளுக்கு இல்லை. சாப்பிட வேண்டும் என்று பிடித்தால்தான் அது பிடிப்பு. இவை என் கையில் வந்த நொடியிலிருந்து ஆய்வுப் பொருள்தான். மேலும் கரைப்பனி உடைந்துவிட்டது, இந்த வருஷம் இனி ஒரு ஊகாக்கும் கிடைக்காது. பெட்டி போய்ச் சேராவிட்டால் டெல்ஃபீன் சொன்னதே சரி என்று ஆகிவிடும், அடுத்த வருஷம் இந்த வேலை எனக்கு இருக்காது. உங்கள் மனசு புண்படாமல் இருக்க, அப்பா பிடித்த நார்வால் திமிங்கிலத்தின் தோலைக் கொழுப்போடு சித்தியிடம் அனுப்புகிறேன். அது போதும், நீங்கள் பெருந்தன்மையானவர்.

உங்கள் கண் தெளிந்து, ஊசியில் நூல் ஒரே தடவையில் நுழையட்டும்.

உங்கள் கை ஆக்கிய,
ஊலிபீகா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது உங்கள் போன் வந்தது. "ஜேப்பீட்டி கோடு போட்டு அடிச்சிருந்தாலும், நீ எழுதின ஆய்வக விலாசம் படிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. பெட்டியை அன்னிக்கே தெற்கே ஏத்தி விட்டுட்டேன், இன்னிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். உன் வேலை கெடக்கூடாதுல்ல"ன்னு சொன்னீங்க. "ஒண்ணுகூட எடுக்கலையா?"ன்னு கேட்டேன். "எனக்கெதுக்குடி அந்தப் பொடி மீனு, பல்லுல சிக்கும்"னீங்க. அத்தை, ஒண்ணு! ஒரே ஒண்ணு எடுத்திருக்கக் கூடாதா? நாற்பதில் ஒன்று குறைந்தால் விஞ்ஞானம் செத்தா போகும்? மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். தெற்கே போனதெல்லாம் வெறும் ஆய்வுப் பொருள், ஆகையால் நான் இன்னும் முதல் மீன் பிடிக்கவில்லை. இந்த வருஷம் இனி கிடைக்காது என்றதும் பொய். உடைந்த பனித்துண்டுகளுக்கு அடியில்தான் ஊகாக் ஒதுங்கும், அதைத்தானே நான் படித்தேன். அப்பா படகுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறார். நார்வால் தோலை நாங்களே சாப்பிட்டுக்கொள்கிறோம். சித்தி கையில் வருவது மீன். தலையோடு சாப்பிடுங்கள்.