இடதுபுறத் தண்ணீர்ப் பையும் எழுந்து நின்ற எருமையும்

ஒரு காட்டில் ஓர் அணை இருந்தது. அணைக்குப் பின்னால் பெரிய நீர்த்தேக்கம். அணை கட்டிய நாள்தொட்டு எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்து அசைபோட்டுக்கொண்டு, யாருக்கும் ஒரு தொந்தரவும் தராமல் இருந்தன. பிறகு காட்டுக்கு முன்னேற்றம் வந்தது. வந்ததும் முதல் வேலையாக எருமைகளைக் கரையேற்றியது. அவற்றால் தண்ணீர் கலங்குகிறதாம். 'நீர்விளையாட்டுச் சங்கம், உறுப்பினர் தவிர மற்றவர் இறங்கக் கூடாது' என்று கரையில் ஒரு பலகை நட்டார்கள். தண்ணீர் அதற்குப் பிறகும் கலங்கியது. ஆனால் உறுப்பினர்கள் கலக்கினார்கள், அதனால் யாரும் அதைக் கலக்கம் என்று சொல்லவில்லை.

சங்கத்தின் தலைவர் ஒரு சிறுத்தை. பூனை இனத்துக்குத் தண்ணீர் ஆகாது. பதவி வந்துவிட்டால் எல்லாம் ஆகும். அவர் எங்கோ அயல்காட்டுக்குப் போயிருந்தபோது வேக்போர்டிங் என்ற விளையாட்டைப் பார்த்துவிட்டார். வேகமாகப் போகும் படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு, படகு கிளப்பும் அலையில் ஏறித் துள்ள வேண்டும். படகு கனமாக இருந்தால்தான் நன்றாக அமிழும். அமிழ்ந்தால்தான் அலை பெரிதாக எழும். ஆகவே இலேசான படகாகத் தேடிப் பிடித்து வாங்குவார்கள். வாங்கிய பிறகு அதைக் கனமாக்குவதற்கு, பின்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு பெரிய ரப்பர்ப் பைகளை இருக்கைகளுக்கு அடியில் வைத்திருப்பார்கள். சுவிட்சைத் தட்டினால் பம்பு ஏரித் தண்ணீரை உறிஞ்சிப் பையை நிரப்பும். இதற்கு பேலஸ்ட் என்று பெயர். சும்மா சுமக்கிற தண்ணீருக்கும் ஒரு பெயர் வைத்தால்தான் மதிப்பு.

படகு வந்தது. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. மூன்றாவது வாரம் வலது பை மட்டும் நிரம்பியது. இடது பை நிரம்பவில்லை. படகு வலப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் அலை மலைபோல் எழுந்தது; இடப்பக்கம் வாய்க்கால் தண்ணீர்போல் சப்பென்று கிடந்தது. அந்தப் பக்கம் துள்ளப் போன தலைவர் முகம் குப்புற விழுந்து, மீசையில் பாசியோடு எழுந்தார்.

"உடனே இதைச் சரி பண்ணணும்!" என்று உறுமினார்.

"சரி பண்ற வரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்யலாம் தலைவரே" என்றது செயலாளர் நாரை. எதையும் ஒற்றைக் காலில் நின்று முடிக்கும் நாரை அது. "இடப்பக்கம் கனம்தானே குறையுது? கனமான யாரையாவது உட்கார வச்சுட்டாப் போச்சு."

அப்படித்தான் வெள்ளையம்மாளுக்கு வேலை கிடைத்தது. வெள்ளையம்மாள் ஓர் எருமை. பெயரைப் பற்றி அவளுடைய பெற்றோரைத்தான் கேட்க வேண்டும். கரையேற்றப்பட்ட நாளிலிருந்து சங்கத்துப் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று, காய்ந்து வெடித்த தோலோடு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள். நாரை வந்து, "படகில் ஏறி உட்கார முடியுமா?" என்று கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீருக்குள் இல்லாவிட்டால் என்ன, தண்ணீருக்கு மேலாவது இருக்கலாமே.

முதல் நாளே இடதுபுற இருக்கைப் பலகை அவளுடைய பாரம் தாங்காமல் இரண்டாகப் பிளந்தது. பலகையை எடுத்துப் போட்டுவிட்டு, காலிப் பையின் மேலேயே ஒரு கோரைப்பாயை விரித்தார்கள். வெள்ளையம்மாள் அதில் உட்கார்ந்தாள். படகு நிமிர்ந்தது. தலைவர் இரண்டு பக்கமும் துள்ளினார். அன்று மாலையே அவளுக்கு 'பேலஸ்ட் அலுவலர் (தற்காலிகம்)' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். மற்ற எருமைகள் அதை நக்கிப் பார்த்துவிட்டுப் பெருமைப்பட்டன.

பழுது பார்க்க வந்தது சவரிமுத்து என்ற நீர்நாய். சங்கத்தின் மெக்கானிக்கும் படகோட்டியும் அதுவே. கரையோரம் சிறு பட்டறை போட்டிருந்தது. அதிகம் பேசாது. வந்தவுடன் படகுக்கு அடியில் முங்கி, தண்ணீர் உறிஞ்சும் துளையில் அடைத்திருந்த பாசியை ஒரு கை அள்ளிக்கொண்டு மேலே வந்தது.

"இதான். இப்ப ரொம்பும்" என்று சுவிட்சைத் தட்டியது.

பம்பு உறுமியது. பை நிரம்பவில்லை.

சவரிமுத்து தலையைச் சொறிந்தது. பாயைப் பார்த்தது. பாயின் மேல் இருந்தவளைப் பார்த்தது. "அம்மா, கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா?" என்றது பணிவாக.

வெள்ளையம்மாள் எழப் போனாள். "உட்காருங்க!" என்று நாரை கத்தியது. "பேலஸ்ட் அலுவலர் இருக்கையில் இல்லாமல் படகில் எந்த வேலையும் நடக்கக் கூடாதுன்னு நேத்துதான் தீர்மானம் போட்டிருக்கோம். பாதுகாப்பு விதி."

"அவங்க எழுந்திரிச்சாத்தான பை ரொம்புதான்னு தெரியும்?"

"பை ரொம்பினதும் எழுந்திரிப்பாங்க."

சவரிமுத்து பியூசை மாற்றியது. சுவிட்சை மாற்றியது. வலப்பக்கத்துப் பம்பைக் கழற்றி இடப்பக்கம் மாட்டியது. வலப்பக்கம் நன்றாக உறிஞ்சிய பம்பு இடப்பக்கம் வந்ததும் மூச்சு முட்டி நின்றது. பம்புக்குள் சுழலும் ரப்பர் விசிறியைப் புதிதாகப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் மூன்று படிவம். கடைசியில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதியது: 'கனமான பொருள் ஒன்று பையை அழுத்துவதால் தண்ணீர் ஏறவில்லை.'

மறுநாள் நாரையிடமிருந்து பதில் வந்தது. 'சங்க அலுவலர் ஒருவரைக் கனமான பொருள் என்று குறிப்பிட்டது ஏன் என மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

சவரிமுத்து மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடியும் பியூசை மாற்றத் தொடங்கியது.

இத்தனைக்கும் வெள்ளையம்மாளுக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் பாட்டுக்குப் பாயில் உட்கார்ந்து காற்று வாங்கினாள். பம்பு ஓடும்போதெல்லாம் அடியிலிருந்து ஏதோ ஒன்று கன்றுக்குட்டி மூக்கால் முட்டுவதுபோல் அவளை மெல்ல முட்டும். சுகமாக இருக்கும். பிறகு அடங்கிவிடும். படகென்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

நான்கு மாதம் இப்படியே போயிற்று. பக்கத்துக் காட்டுச் சங்கத்தார் விருந்தாளிகளாக வரப்போகிறார்கள் என்று சேதி வந்தது. தலைவர் படகுத்துறைக்கு வந்து, வெள்ளையம்மாளின் எதிரிலேயே சவரிமுத்துவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது சரியாகணும். விருந்தாளிங்க முன்னாடி எருமையை உட்கார வச்சு ஓட்டினா என் மானம் என்னாகும்? ஆகலேன்னா பட்டறையைக் காலி பண்ணிட்டு ஆத்துக்கே போயிடு."

சவரிமுத்து ஸ்பானரைத் துடைத்தது. துடைத்த ஸ்பானரையே திரும்பத் திரும்பத் துடைத்தது. பிறகு வழக்கம்போல் சுவிட்சைத் தட்டியது.

கன்றுக்குட்டி முட்டியது. கால் மரத்துப்போயிருந்ததால் வெள்ளையம்மாள் அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். நகர்ந்த இடத்தில் பாய் புஸ்ஸென்று எழும்பியது. அடியில் தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம் கேட்டது. திரும்பப் பழைய இடத்தில் அமர்ந்தாள். சத்தம் நின்றது. நகர்ந்தாள், ஓடியது. அமர்ந்தாள்; நின்றது.

நான்கு மாதமாக எல்லாரும் தேடிய கோளாறுக்குக் கொம்பும் வாலும் இருந்தன. கழுத்தில் அட்டையும் இருந்தது.

"தம்பி," என்றாள் மெதுவாக, "இது என்னாலயா?"

சவரிமுத்து அக்கம்பக்கம் பார்த்தது. "எனக்கு அப்படி எழுத அனுமதி இல்லீங்கம்மா."

அன்றிரவெல்லாம் அவளுக்கு அசைபோட ஓடவில்லை. சொன்னால் வேலை போகும். மறுபடியும் பலகைக்கு அந்தப் பக்கம், காய்ந்த மணல். சொல்லாவிட்டால் வாயில்லாத அந்த நீர்நாயின் பட்டறை போகும். விடிந்ததும் நேராகத் தலைவரிடம் போய் நின்றாள். அவர் கண்ணாடி முன்னால் மீசையை நீவிக்கொண்டிருந்தார்; பக்கத்தில் நாரை.

"ஐயா, கோளாறு நான்தானுங்க."

தலைவர் நெகிழ்ந்துபோனார். "பாத்தியா நாரை? இதான் பொறுப்பு. யாரோ செய்த தப்புக்கு இவங்க பழி ஏத்துக்கிறாங்க. அந்த மெக்கானிக்குக்கு இந்தக் குணம் இருக்கா?"

"இல்லீங்கய்யா, நிசமாவே நான்தான். நான் உட்காரறதாலதான்..."

"போதும்மா, போதும். இந்த அடக்கம் இன்னிக்கு யாருக்கு வரும்!" என்று அவளைக் கதவுவரை வந்து வழியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை துறை நிறைய விருந்தாளிகள். படகு கட்டிக் கிடந்தது. வெள்ளையம்மாள் பாயில். சவரிமுத்து, மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்த முகத்தோடு, கடைசி முறையாகச் சுவிட்சைத் தட்டியது. பம்பு திணறியது.

வெள்ளையம்மாள் எழுந்தாள்.

"உட்காருங்க! தீர்மானம்!" என்று நாரை இரண்டு கால்களையும் ஊன்றிக் கத்தியது. அவள் கேட்கவில்லை. ஒரு காலைத் துறையில் வைத்தாள்; மறு காலை வைத்தாள்; மொத்தமாகக் கரைக்கு வந்துவிட்டாள். பின்னால் பாய் மெல்ல எழும்பியது, இன்னும் எழும்பியது, குடைபோல் உப்பிச் சரிந்து விழுந்தது. அடியில் இடதுபுறப் பை பளபளவென்று நிறைந்து கிடந்தது. படகு நூல்பிடித்ததுபோல் நேராக நின்றது.

சவரிமுத்து படகை ஓட்டியது. தலைவர் இடப்பக்கம் துள்ளினார், வலப்பக்கம் துள்ளினார், ஒருமுறை காற்றிலேயே சுற்றிவிட்டும் வந்தார். கரை கைதட்டலில் அதிர்ந்தது.

வேலை போகிறது என்று வெள்ளையம்மாள் அட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறிய தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நாலு மாசமா ஒரு மெக்கானிக் படிச்சதையெல்லாம் செஞ்சு பார்த்தும் ஆகாத காரியம் இது. இந்த அம்மா ஒரே ஒரு தடவை எழுந்தாங்க, முடிஞ்சுபோச்சு! இன்னிலேருந்து இவங்கதான் நம்ம சங்கத்தின் பேலஸ்ட் பழுதுநீக்கத் தலைமை நிபுணர். சவரிமுத்து இவங்க கீழ இருந்து வேலை கத்துக்கட்டும்."

"ஐயா, நான் ஒண்ணுமே செய்யலீங்க. எழுந்திரிச்சேன், அவ்வளவுதான்" என்றாள் வெள்ளையம்மாள். அதற்குத்தான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடப் பலத்த கைதட்டல் கிடைத்தது.

கூட்டம் கலைந்ததும் பட்டறைக்கு ஓடினாள். "தம்பி, உன் பேரைக் கெடுத்துட்டேனே. நான் வேணும்னா மறுபடியும் போய்ச் சொல்றேன்."

"வேணாங்கம்மா" என்றது சவரிமுத்து, கட்டிய மூட்டையைப் பிரித்துக்கொண்டே. "நீங்க போன தடவை போய்ச் சொன்னதுக்கு உங்களுக்குப் பேரும் எனக்குத் திட்டும் கிடைச்சது. இன்னொரு தடவை சொன்னா என்னை ஊரைவிட்டே துரத்திடுவாங்க. பட்டறை இருக்குல்ல, போதும்."

பிறகு அயல்காட்டு ஏரிகளிலிருந்தெல்லாம் அழைப்பு வரத் தொடங்கியது. அங்கேயும் படகுகள் இருந்தன. அங்கேயும் பைகள் நிரம்பவில்லை. நிபுணரை மரியாதையாக அழைத்துப் போய்ப் பையின் மேல் உட்கார வைப்பார்கள். அவள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் உதவியாளர் சவரிமுத்து சத்தமில்லாமல் படகுக்கு அடியில் முங்கிப் பாசியை எடுக்கும், பியூசை மாற்றும், தேய்ந்த விசிறியைப் புதுப்பிக்கும். எல்லாம் முடிந்ததும் படகின் அடியில் இரண்டு தட்டுத் தட்டும். நிபுணர் எழுவார். பை நிரம்பும். கழுத்தில் மாலை விழும்.

முதல் இரண்டு ஏரிகளில் வெள்ளையம்மாள் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது ஏரியில் பாதி சொன்னாள். நான்காவது ஏரியில், எழுவதற்கு முன் கண்ணை மூடிச் சற்று யோசிப்பதுபோல் இருந்தால் கூட்டம் அப்படியே அடங்கிப்போகிறது என்பதைக் கவனித்தாள். ஐந்தாவது ஏரியிலிருந்து கொஞ்சம் மெதுவாகவே எழுந்தாள்.

நீதி: கோளாறை நீக்கத் தெரிந்தவன் வெறும் மெக்கானிக், கோளாறாகவே இருந்து, கூட்டம் சேர்ந்ததும் விலகிக்கொள்ளத் தெரிந்தவரே நிபுணர்.