ஆவி பிடித்தவர் வெளியே போகக் கூடாது

ஆர்கன் சட்டென்று நின்றது, அதன் துருத்தி மட்டும் பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சு அடங்கியதும் ஓர் ஆண்குரல் தனியாக நான்கு வரி பாடியது. கோலார் தங்கவயல் தேவாலயத்தில் ஞானமுத்து அதைக் கேட்டபோது அவருக்கு ஒன்பது வயது. பாடியவர் சுரங்கத்தில் லிஃப்ட் இயக்குகிறவர். வார நாட்களில் யாரும் திரும்பிப் பார்க்காத அந்த மனிதரை அன்று சபையே திரும்பிப் பார்த்தது. ஒருநாள் நானும் தனியாகப் பாடுவேன் என்று ஞானமுத்து முடிவு செய்தார்.

முடிவு செய்து முப்பத்தெட்டு வருடம் ஆகிவிட்டது. 1997-இல் அவர் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். தேவாலயத்துக்கு நடந்தால் இரண்டு நிமிடம். பாடகர் குழுவில் பன்னிரண்டு வருடமாகக் கடைசி வரிசை. குழுவை நடத்திய சுந்தரம் மாஸ்டர் அவரைப் பற்றிச் சொன்ன ஒரே பாராட்டு, "ஞானமுத்து ஒருநாளும் லேட்டா வந்ததில்ல" என்பது.

அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு தனிப்பாட்டு என்று மாஸ்டர் அறிவித்தார். ஞானமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"உங்களைத்தான் தேடினேன்" என்றார் மாஸ்டர்.

ஞானமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"போன வாரம் உங்க வீட்டு ஜெபக் கூட்டத்துல ஜூடித் பாடினாங்களே, என்ன குரல் அது! சனிக்கிழமை அஞ்சு மணி பிராக்டீஸுக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

கால் தரைக்கு வந்துவிட்டது. வாய் மட்டும் தானாக வேலை செய்தது. "அவளா மாஸ்டர்? பாவம், சைனஸ். ரொம்ப மோசம்."

பெங்களூரில் ரேஷன் கார்டு இல்லாத வீடு இருக்கலாம், சைனஸ் இல்லாத வீடு கிடையாது. மாஸ்டர் நம்பிவிட்டார். "அடடா. சரி, மூணு வாரம் பாப்போம். நாலாவது சனிக்கிழமை உங்க ரெண்டு பேரையும் பாட வச்சு முடிவு பண்றேன். தேறிட்டா கூட்டிட்டு வாங்க."

தேறிவிடாமல் பார்த்துக்கொள்வது இனி ஞானமுத்துவின் பொறுப்பு.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் முகத்தைக் கவலையோடு பார்த்தார். ஜூடித் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மடியில் விடைத்தாள் கட்டு.

"ஜூடி, நீ பேசறது மூக்கால வருது."

"எனக்கா? ஊரையே எழுப்பித் தும்மறது நீங்க."

"என்னுது வெளிய வந்துடுது. உன்னுது உள்ளயே தங்குது. அதுதான் ஆபத்து. சனிக்கிழமை சனிக்கிழமை ஆவி புடிச்சா சரியாயிடும். நானே போட்டுத் தரேன்."

கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் வெந்நீர்கூட வைத்துக் கொடுத்ததில்லை. ஜூடித் கண்ணாடியைக் கழற்றி அவரை ஒருமுறை பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

திட்டம் எளிமையானது. நாலரை மணிக்கு ஆவி. ஆவி பிடித்தவர்கள் ஒரு மணி நேரம் காற்றில் போகக் கூடாது, போனால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும். இது ஞானமுத்து கண்டுபிடித்த விதியல்ல, எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அவர் அதற்கு ஒரு நல்ல வேலை கொடுத்தார், அவ்வளவே. ஐந்து மணிக்குப் பிராக்டீஸ். அவள் கம்பளிக்குள், அவர் கொயரில்.

இலை பறிக்கக் கீழே வீட்டுக்காரம்மா லட்சுமம்மாவிடம் போனார். அந்த அம்மாவின் தோட்டத்தில் துளசி, நொச்சி, ஒரு தைல மரம் எல்லாம் உண்டு. பேச்சு பாதி கன்னடம், பாதி தமிழ்.

"லக்கி சொப்பா, நொச்சி இலையா? எஷ்டு பேக்கோ தகொள்ளி, எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோங்க" என்று நொச்சிக் கிளையை வளைத்துக் கொடுத்தாள் லட்சுமம்மா. "யாருக்கு?"

"ஜூடிக்கு. பாத்துக்குங்கம்மா, ஆவி புடிச்சப்புறம் ஒரு மணி நேரம் அவளைக் கேட் தாண்ட விட்டுடாதீங்க. காத்து பட்டா மண்டையில தண்ணி நிக்கும். உயிருக்கே உலை."

"அய்யோ தேவரே! நான் விடுவேனா?"

குண்டானில் நொச்சி, துளசி, தைல இலை, ஒரு பிடி ஓமம், மஞ்சள். தளதளவென்று கொதித்ததும் வீடே மருந்துக்கடையாக மணத்தது. ஜூடித்தை முக்காலியில் உட்காரவைத்து, தலையோடு கம்பளியைப் போர்த்தி, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஞானமுத்து பாட்டுப் புத்தகத்தோடு கிளம்பினார். கம்பளிக்குள் ஏதோ முனகல் கேட்டது. சளி இளகுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் மாஸ்டரிடம் உதட்டைப் பிதுக்கி, "இன்னும் அப்படியேதான் மாஸ்டர்" என்றார். மாஸ்டர் ஏனோ சிரித்தார்.

நாலாவது சனிக்கிழமை வந்தது. ஞானமுத்து விடியற்காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்தார். குளியலறையில் பாடினார், மாடிப்படியில் பாடினார், இட்லிக்கு நடுவே பாடினார். நாலு மணிக்கு ஜூடித் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்லங்க. மேல போறப்போ கொஞ்சம் கரகரங்குது. எனக்குத்தான் அப்படிக் கேக்குதோ என்னவோ."

"கரகரப்பா?"

"லேசா. தேங்கா துருவற மாதிரி."

ஞானமுத்துவுக்கு வியர்த்தது. மேல் ஸ்தாயியை ஒருமுறை பாடிப் பார்த்தார். சந்தேகம் வந்தபிறகு எந்தக் குரலும் கரகரக்கத்தான் செய்யும்.

"இப்ப என்ன பண்றது ஜூடி?"

"எனக்குப் போட்ட தண்ணி கொதிச்சுட்டு இருக்கு. நீங்க பத்து நிமிஷம் புடிங்க. அப்புறம் நான் புடிக்கறேன். எனக்கென்ன அவசரம்?"

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று உருகியபடி ஞானமுத்து முக்காலியில் உட்கார்ந்தார். கம்பளி விழுந்தது. உலகம் இருண்டது. மூக்கு, கண், காது எல்லாம் திறந்து ஒழுகின. கடிகாரம் கழற்றி வைத்தாயிற்று.

"போதுமா?"

"இன்னும் அஞ்சு நிமிஷம். நான் சொல்லும்போது வெளிய வாங்க."

"இப்ப?"

"பாதியில எடுத்தா வீண். மூச்சை நல்லா இழுங்க."

இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். "இப்ப?" என்றார். பதில் இல்லை. "ஜூடி?" என்றார். குண்டான் மட்டும் ஒருமுறை டொக்கென்றது.

கம்பளியை உதறினார். மணி நாலு ஐம்பத்தேழு. வாசலில் ஜூடித்தின் செருப்பு இல்லை. மேஜைமேல் இருந்த பாட்டுப் புத்தகமும் இல்லை.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினார். கேட் பூட்டியிருந்தது. அதன் முன்னால் நாற்காலி போட்டு லட்சுமம்மா பீன்ஸ் ஆய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்ரீ, எங்க போறீங்க?"

"சர்ச்சுக்கு. சாவி குடுங்கம்மா."

"பேடா, பேடா, வேணாம்! மூஞ்சிய கண்ணாடியில பாத்தீங்களா? தக்காளி மாதிரி இருக்கு. ஆவி புடிச்சீங்கதானே?"

"லேசாத்தான் புடிச்சேன்."

"காத்து பட்டா தண்ணி நிக்கும், உயிருக்கே உலைன்னு நீங்கதானே சொன்னீங்க? ஜூடித் போறப்போ கையப் புடிச்சுச் சொல்லிட்டுப் போனா. 'ஆன்ட்டி, அவரு அடம் பண்ணுவாரு, ஆறு மணி வரைக்கும் விடாதீங்க'ன்னு. எவ்ளோ அக்கறை அவளுக்கு!"

"அம்மா, அதெல்லாம் பொம்பளைங்களுக்குத்தான். ஆம்பளைக்கு ஒண்ணும் ஆகாது."

"என் வீட்ல குடியிருக்கறவர் தலையில தண்ணி நிக்க நான் விடமாட்டேன்."

பெங்களூரில் மனைவியை எதிர்த்துப் பேசிய கணவர்கள் சிலர் உண்டு. வீட்டுக்காரம்மாவை எதிர்த்துப் பேசிவிட்டு அதே வீட்டில் இருந்தவர் இல்லை. ஞானமுத்து படியேறினார்.

ஜன்னலை ஒரு விரலளவு திறந்தார். அக்டோபர் மாதத்துக் குளிர்ந்த காற்று. மழை விட்ட தெருவில் ஒரு ஆட்டோ போய் ஓய்ந்தது. அதற்கப்பால், தேவாலயப் பக்கம், யாரோ ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாத குரல். மேலே போகும்போது அது மெலியவில்லை, இன்னும் அகன்றது. யார் இவள், மாஸ்டர் எங்கிருந்து பிடித்தார் என்று இரண்டு வரி வரைக்கும் வாயைத் திறந்தபடி கேட்டார். மூன்றாவது வரியில் வாயை மூடிக்கொண்டார்.

கீழேயிருந்து லட்சுமம்மாவின் குரல் வந்தது. "உங்க ஹெண்டதி, ஜூடித் தானே பாடறது? சன்னாகித்தே, நல்லா இருக்கு! அப்புறம்... அந்த ஜன்னலைச் சாத்துங்க!"

ஆறேகாலுக்கு ஜூடித் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் ஞானமுத்து.

"முதல் வாரமே. காய்கறிக் கடையில மாஸ்டர் பாத்தாரு. சைனஸ் ரொம்ப மோசமாமேன்னு துக்கம் விசாரிக்கற மாதிரி கேட்டாரு. அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க மாஸ்டர்னேன்."

"அப்ப எதுக்கு மூணு வாரமும் பேசாம ஆவி புடிச்ச?"

"நல்லா இருந்துச்சுங்க. கம்பளிக்குள்ள பாடினா குரல் குண்டான்ல பட்டு கிண்ணுன்னு திரும்பி வருது. இந்த வீட்ல நான் பாடறதுக்கு வேற எடம் எது?"

ஞானமுத்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குளியலறை, மாடிப்படி, சாப்பாட்டு மேஜை.

"காப்பி குடிக்கறீங்களா? சுக்கு போட்டுத் தரேன்."

"குடு" என்றார். பிறகு, ஜன்னலைத் திறந்த பாவத்துக்கு, தொடர்ந்து ஒன்பது தடவை தும்மினார்.

பண்டிகை ஞாயிறன்று ஜூடித் தனியாகப் பாடினாள். ஆறு வருடம் கழித்துச் சுந்தரம் மாஸ்டர் மகனோடு ஓசூருக்குக் குடிபோனபோது குழுவை நடத்தும் பொறுப்பும் அவளுக்கே வந்தது. அதற்குப்பின் தனிப்பாட்டுக்கு ஆள் தேர்ந்தெடுத்தது அவள்தான். ஞானமுத்து 2008 வரைக்கும் பாடினார், கடைசி வரிசையில்.